பூச்சுள்ள உலோகத்தில் ஆன்ட்டி-சீஸ் கிரீஸ்: கால்வானிக் அரிமானத்தைத் தடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டுப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளிலும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும், மோட்டார் பம்ப் பட்டறைகளிலும் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. போல்ட்டு கழலாமல் இறுகிவிடக் கூடாது என்ற அக்கறையில் தடவப்படும் ஆன்ட்டி-சீஸ் கிரீஸே சில வேளைகளில் அந்தப் போல்ட்டைச் சுற்றியுள்ள உலோகத்தை அரித்துவிடுகிறது என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால், விடைகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

சாதாரணத் துருவுக்கும் கால்வானிக் அரிமானத்துக்கும் என்ன வேறுபாடு?

இரும்பைத் தனியாக மழையில் போட்டு வைத்தாலே துருப்பிடிக்கும். அதற்கு இன்னொரு உலோகத்தின் துணை தேவையில்லை. கால்வானிக் அரிமானம் நடப்பதற்கோ நான்கும் ஒன்றுசேர வேண்டும்: மின்வேதி வரிசையில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இரண்டு உலோகங்கள், அவை தொட்டுக்கொள்ளும் ஓர் இடம், இரண்டையும் சேர்த்து நனைக்கும் ஈரம், அந்த ஈரத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். கடல்நீரில் அளந்து வகுத்த வரிசை மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, ஈயம், பித்தளை, செம்பு, எவர்சில்வர், டைட்டானியம், கிராஃபைட் என்ற போக்கில் செல்லும். இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் வரிசையில் முன்னால் நிற்பது கரையும். பின்னால் நிற்பது பிழைத்துக்கொள்ளும். நான்கில் ஏதேனும் ஒன்றை அகற்றிவிட்டால் அரிப்பு நின்றுவிடும் என்பதுதான் கீழே வரும் விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

இது கடற்கரை ஊர்களின் தொல்லை அல்லவா? வேலூர்ப் பக்கம் இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

கடல் நம்மிடம் இல்லை, உப்பு இருக்கிறது. பச்சைத்தோல் கெட்டுப்போகாமல் இருக்கச் சாதாரண உப்பைத் தூவித்தான் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் அது வந்து சேர்கிறது. தோலை உதறும்போது விழும் உப்பு தரையில் படிகிறது. ஊறவைக்கும் நீரில் கரைகிறது. பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கும் ‘பிக்கிள்’ வேலையின்போது கந்தக அமிலத்தோடு சேர்த்து மறுபடியும் போடப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியிலிருந்து தெறிக்கும் துளிகளிலும் அந்த உப்பு உண்டு. இந்தப் பகுதியில் பல கிணறுகளின் நீரும் உவர்ப்பாகிவிட்டது. உப்பு மிகுந்தால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நன்றாகக் கடத்தும் நீரில் அரிப்பும் விரைவாக, நெடுந்தூரம் பரவும். கத்திரி வெயிலில் காய்ந்து படிந்த உப்பு மார்கழிப் பனியில் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழை பெய்யாத மாதங்களிலும் அரிப்பு தொடர்கிறது.

ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் சாதாரண கிரீஸிலிருந்து எவ்வகையில் வேறானது?

சாதாரண கிரீஸ் சுழலும் பகுதிக்கு உரியது. ஆன்ட்டி-சீஸ் என்பது எண்ணெயிலோ கிரீஸிலோ நுண்ணிய திடப்பொடியைக் கலந்து செய்த பசை. செம்பு, நிக்கல், அலுமினியம், துத்தநாகம், கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு, டெஃப்லான், சுண்ணாம்பு வகைகள் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அந்தப் பொடியாக இருக்கும். வெப்பத்தில் எண்ணெய் எரிந்து போன பிறகும் பொடி மட்டும் மரைகளுக்கு நடுவே தங்கி, உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். செம்புப் பசை ஏறத்தாழ 980 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று விற்கப்படுகிறது. நிக்கல் பசை அதைவிட மேலே செல்லும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ‘அதிகம் தாங்குவதே சிறந்தது’ என்று எல்லா வேலைக்கும் செம்புப் பசையையே வாங்குகிறார்கள். பாய்லர் புகைபோக்கியின் ஃபிளாஞ்சுக்கு அது பொருந்தும். 45 பாகையைத் தாண்டாத ஓர் அலுமினிய மூடிக்கு அந்தத் தாங்கும் திறனால் ஒரு பயனும் இல்லை. செம்பு கலந்திருப்பதால் வரும் கெடுதல் மட்டும் மிஞ்சும்.

கிரீஸ் தடவிவிட்டால் இரண்டு உலோகங்களும் தொடாமல் பிரிந்துவிடும் அல்லவா?

பிரியாது. மிகப் பரவலான தவறான எண்ணம் இதுவே. போல்ட்டை முடுக்கும்போது மரையின் ஒரு பக்கச் சரிவு மற்றொன்றின் மேல் ஆயிரக்கணக்கான கிலோ எடைக்கு நிகரான விசையோடு அழுந்துகிறது. அந்த அழுத்தத்தில் பசை பிதுங்கி விலக, உலோகத்தின் நுண்மேடுகள் நேராகவே தொட்டுக்கொள்கின்றன. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் போல்ட்டின் தலையிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்துப் பார்த்தால், எந்தப் பசையைத் தடவியிருந்தாலும் மின்தொடர்பு இருப்பதை நீங்களே காணலாம்.

அப்படியானால் கிரீஸால் பயனே இல்லையா என்றால், உண்டு. அழுத்தம் படாத எதிர்ச் சரிவிலும், மரையின் அடிப்பள்ளத்திலும், போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் நிறைந்து நின்று, நீர் உள்ளே புகாமல் அது அடைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன நான்கில் தொடர்பை அது துண்டிப்பதில்லை, ஈரத்தைத்தான் தடுக்கிறது. ஆகவே கிரீஸ் கழுவப்படாமல் இருக்கும் வரைக்கும்தான் அந்தக் காவல். கழுவப்பட்ட பின் அங்கே எஞ்சியிருக்கும் பொடி எது என்பதைப் பொறுத்தே அந்த இடத்தின் கதி அமையும்.

துத்தநாகப் பூச்சிலும் அலுமினியத்திலும் செம்புப் பசையைத் தடவினால் உண்மையில் என்ன நேரும்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கழிவுநீர் நிலையத்தில், காற்றூட்டும் இயந்திரத்தின் கியர்பாக்ஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய மூடி ஒன்றை மாட்டினோம். எட்டு எவர்சில்வர் போல்ட்டுகள். கையில் செம்புப் பசை டப்பா இருந்தது. நானே பிரஷ்ஷால் தாராளமாகத் தடவினேன். ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பின் பார்த்தபோது, ஒவ்வொரு போல்ட்டுத் தலையைச் சுற்றியும் பூச்சு கொப்பளம்போல் எழும்பி நின்றது. கொப்பளத்தைக் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி. இரண்டு போல்ட்டுகள் கழற்றும்போது மரையையே பெயர்த்துக்கொண்டு வந்தன. ஒன்று முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. இறுகக் கூடாது என்று தடவியதே இறுக்கிவிட்டது.

நடந்தது இதுதான். தெறித்துக்கொண்டே இருந்த உப்புநீர் எண்ணெயைச் சிறிது சிறிதாக வெளியேற்றியது. செம்புத் துகள்கள் அங்கேயே தங்கின. எவர்சில்வர் என்ற ஒரு பகை போதாதென்று, அலுமினியத்தின் மேல் நேராகவே அமர்ந்த எண்ணற்ற செம்புத் துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கின. அதோடு, செம்பிலிருந்து மிகச் சிறிதளவு நீரில் கரைந்து, சற்றுத் தள்ளியுள்ள அலுமினியத்திலோ துத்தநாகத்திலோ மீண்டும் செம்பாகவே படியும். படிந்த இடத்தில் இன்னொரு மின்கலம் தொடங்கும். செம்புக் குழாய் வழியாக வந்த நீரை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குள் விடக் கூடாது என்று பழைய பிளம்பர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே. அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடி, கரைந்த அலுமினியத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால், மரைக்குள் அது ஆப்புபோல் இறுகுகிறது.

கிராஃபைட் வரிசையின் கடைசியில் நிற்பதால், ஈரமான இடத்தில் அது செம்பையும்விடக் கடுமையானது. ‘செம்பு இல்லாதது’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால், உள்ளே கிராஃபைட் இருந்து அதே கெடுதலைச் செய்யக்கூடும்.

அப்படியானால் எதற்கு எந்தப் பசை?

ஈரம் படும் இடத்தில் அலுமினியமோ துத்தநாகப் பூச்சோ ஒரு பக்கம் இருந்தால், உலோகமும் கிராஃபைட்டும் இல்லாத வெள்ளைப் பசையை என் முதல் தேர்வாகச் சொல்வேன். துத்தநாகப் பொடி கலந்த பசையும் நல்லதே. அதிலுள்ள துத்தநாகம் தானே முதலில் கரைந்து மற்றதைக் காக்கும். ஆனால் துத்தநாகம் 420 பாகை அளவில் உருகிவிடும். உருகிய துத்தநாகம் எவர்சில்வரை நொறுங்கச் செய்யக்கூடியது என்பதால், சூடான எவர்சில்வர் இணைப்புகளின் அருகே அதைக் கொண்டு செல்லாதீர்கள். வெள்ளைப் பசைகளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிலவற்றில் சுண்ணாம்பு கலந்திருக்கும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வைத்த அலுமினியப் பாத்திரம் என்ன ஆகும் என்பதைத் தோல் ஆலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் ‘அலுமினியத்துக்கு உகந்தது’ என்று உற்பத்தியாளர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டு என்றால் கால்வானிக் அரிமானம் என்ற பேச்சே இல்லை. அங்கே தொல்லை வேறு. மேற்படலம் உரசிக் கிழிந்து இரண்டும் ஒன்றாகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு ரம்பத்தால் அறுப்பதுதான் வழி. நிக்கல் பசையோ மாலிப்டினம் பசையோ அங்கே கட்டாயம் வேண்டும். மெதுவாகக் கையால் முடுக்க வேண்டும்.

பெயின்ட் அடிப்பதானால் எந்த உலோகத்துக்கு அடிக்க வேண்டும்? அரிக்கப்படுவதற்குத்தானே?

அறிவு ‘ஆம்’ என்று சொல்லும், உண்மை நேர்மாறானது. இரண்டுக்கும் அடியுங்கள், ஒன்றுக்கு மட்டும்தான் முடியும் என்றால், அரிக்கப்படாத உயர்ந்த உலோகத்துக்கு, அதாவது வரிசையில் பின்னால் நிற்பதற்கு, அடியுங்கள்.

அரிப்பின் வேகத்தை முடிவு செய்வது உயர்ந்த உலோகத்தின் பரப்பு. ஆக்சிஜன் அதன் மேல்தான் மின்னணுக்களைப் பெற்றுக்கொள்கிறது; அந்தப் பரப்பு எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு மின்னோட்டத்தைத் தாழ்ந்த உலோகம் கரைந்து கொடுத்தாக வேண்டும். எவர்சில்வர்த் தொட்டியோடு பற்றவைத்த இரும்புக் குழாயை எண்ணிப் பாருங்கள். இரும்பு வெறுமையாக இருந்தால் அரிப்பு அதன் பரப்பு முழுவதும் பரவி மெல்ல நடக்கும். அதற்கு மட்டும் எப்பாக்ஸி அடித்து, அதில் ஓர் ஊசித்துளை விட்டுப்போனால், தொட்டி முழுவதும் கேட்கும் மின்னோட்டத்தை அந்த ஒரு துளை மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கும். சுவர் விரைவில் ஓட்டையாகும். பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் இதைவிட நெடுநாள் உழைத்திருக்கும். மாறாக எவர்சில்வர்ப் பக்கத்துக்கு அடித்து, அதில் ஊசித்துளை விழுந்தாலும் கெடுதல் மிகச் சிறிது. ஏனென்றால் துளையின் அளவுக்குத்தான் அது மின்னோட்டம் கேட்கும்.

இதே கணக்குதான் போல்ட்டுகளுக்கும். அகன்ற அலுமினியத் தகட்டில் சிறிய எவர்சில்வர் போல்ட்டு இருந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அகன்ற எவர்சில்வர்த் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட்டோ ஜி.ஐ. போல்ட்டோ இருந்தால் அது நிலைக்காது. என் மூடியில் பரப்புக் கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பவுடர் கோட்டிங் அலுமினியம் முழுவதையும் மூடிவிட்டு, துளைகளின் விளிம்பை மட்டும் வெறுமையாக விட்டிருந்ததால், அகன்ற தகடு மின்வேதிக் கணக்கில் ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிட்டது. துளை போட்ட பின் அதன் விளிம்புக்குப் பிரைமர் தொடாமல் போல்ட்டு மாட்டக் கூடாது என்பதை அன்றுதான் கற்றேன்.

ஜி.ஐ. சட்டத்துக்கு எவர்சில்வர் போல்ட்டு போடலாமா?

வறண்ட இடத்தில் போடலாம். கூரைமேல் சூரிய மின்தகட்டுச் சட்டங்களில் மழை பெய்து வடிந்து காய்ந்துவிடுவதால் பெரும்பாலும் தாங்கும். உப்பு ஈரம் தங்கும் இடத்தில் வேண்டாம். சட்டத்துக்கு எது பூச்சோ அதே பூச்சுள்ள போல்ட்டையே போடுங்கள்.

எந்தத் துத்தநாகப் பூச்சு என்பதும் முக்கியம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கனத்த இரும்பில் 85 மைக்ரான் அளவுக்குப் பூச்சு இருக்கும். கடைகளில் பளபளவென்று விற்கும் மின்முலாம் போல்ட்டில் 5 முதல் 12 மைக்ரான்தான். இரண்டையும் ‘ஜி.ஐ.’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆயுள் பல மடங்கு வேறுபடும். அமிலத் தொட்டிக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் அருகில் இரண்டுமே நிலைக்காது. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். அதைக் காப்பாற்றும் கிரீஸ் எதுவும் இல்லை.

தொடர்பையே துண்டிக்க வழி உண்டா?

உண்டு, அதற்கு வயதும் அதிகம். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற மரக்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடி, இரும்பு ஆணிகளால் அறைந்தது. இரண்டே ஆண்டுகளில் பல ஆணிகள் கரைந்து தகடுகள் கழன்றன. ஆனால் சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளின் தலைக்கு அடியில் தற்செயலாகச் சிக்கி, இரும்பைச் செம்பிலிருந்து பிரித்து வைத்திருந்தது.

இன்று காகிதத்தின் இடத்தில் நைலான் அல்லது டெஃப்லான் புஷ்ஷும், கண்ணாடி இழை வாஷரும் இருக்கின்றன. போல்ட்டின் உடலைப் புஷ் சுற்ற வேண்டும்; தலைக்கும் நட்டுக்கும் அடியில் தனித்தனி இன்சுலேட்டிங் வாஷர் வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்றவை வீண். ஈரம் படுவதற்கு முன் மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள். இரண்டு பகுதிகளையும் வேறோர் எர்த் கம்பியோ குழாயோ எங்காவது இணைத்திருந்தால் இந்த உழைப்பு முழுவதும் வீணாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நைலான் அழுத்தத்தில் மெல்லத் தளரும். ஆகவே கனத்த சுமை தாங்கும் இணைப்பில் அதை நம்ப வேண்டாம். நேராக மரை வெட்டிய அலுமினிய உடலில் புஷ் போட இடமே இருக்காது. அங்கே தலைக்கு அடியில் இன்சுலேட்டிங் வாஷரும், மரையில் ஏற்ற பசையும், மாட்டிய பின் தலையைச் சுற்றி சீலன்ட்டும் சேர்ந்துதான் காக்க வேண்டும்.

பசை தடவினால் முடுக்கும் விசையைக் குறைக்க வேண்டுமா?

கட்டாயம். 8.8 வலிமைத் தரமுள்ள எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட்டை எடுத்துக்கொள்வோம். பசை இல்லாத நிலைக்கு வழக்கமாகக் கொள்ளும் முடுக்குக் கெழு (உராய்வைப் பொறுத்து மாறும் ‘நட் ஃபேக்டர்’) 0.20, அந்தக் கணக்கில் 88 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் போல்ட்டில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 36.7 கிலோ நியூட்டன். இது அதன் தாங்கு வரம்பில் முக்கால் பங்கு. பசை தடவிக் கெழு 0.15 ஆகக் குறைந்த பின் அதே 88-ஐ முடுக்கினால் 48.9 கிலோ நியூட்டன் ஏறும்; வரம்பையே தொட்டுவிடும். 66 நியூட்டன் மீட்டரே போதும். பசை உற்பத்தியாளர் தம் கெழுவைத் தகவல் தாளில் கொடுத்திருப்பார், அதையே பின்பற்றுங்கள். மிகையாக முடுக்கினால் தலைக்கு அடியிலுள்ள பவுடர் கோட்டிங்கும் நசுங்கி வெடிக்கும். வெடித்த இடமே அடுத்த அரிப்பின் வாசல். பூச்சைக் காக்க அகன்ற தட்டை வாஷர் போடுங்கள்; பற்களுள்ள வாஷர் வேண்டாம்.

எர்த்திங் இணைப்பிலும் இதே முறைதானா?

இல்லை. அங்கே மின்தொடர்பு வேண்டும் என்பதே நோக்கம், இன்சுலேஷன் கூடாது. பூச்சைச் சுரண்டி வெறும் உலோகத்தை வெளிப்படுத்தி, செம்புக் கம்பியின் முனைக்கு வெள்ளீயம் பூசிய லக்கோ (கம்பி முனையில் மாட்டும் துளையுள்ள உலோகக் காது), செம்பு அலுமினியம் இரண்டும் சேர்ந்த இரட்டை உலோக லக்கோ போட்டு, அதற்கென்றே விற்கப்படும் மின் இணைப்புப் பசையைத் தடவி முடுக்கி, பிறகு வெளிப்புறம் முழுவதையும் பெயின்ட்டால் மூடுங்கள்.

எங்கே தடவவே கூடாது?

ஆக்சிஜன் சிலிண்டர், ரெகுலேட்டர் இணைப்புகளில் எண்ணெய் கலந்த எந்தப் பசையும் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானே தீப்பற்றும். அசெட்டிலீன் இணைப்பில் செம்புப் பசை கூடாது; செம்பும் அசெட்டிலீனும் சேர்ந்து வெடிக்கும் சேர்மம் உண்டாகும். வண்டிச் சக்கர நட்டுகளுக்கு, உற்பத்தியாளர் சொல்லாத வரை, உலர்ந்த மரையே சரி.

ஏற்கெனவே செம்புப் பசை தடவிய இணைப்புகளை என்ன செய்வது?

வறண்ட இடத்திலுள்ள இரும்பு இணைப்புகளை விட்டுவிடலாம். ஈரம் படும் அலுமினியம், ஜி.ஐ. இணைப்புகளை மழைக்கு முன், ஆவணி முடிவதற்குள் பிரித்துவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றாமல், ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துணியில் செம்பு நிறம் வராத வரை துடைக்க வேண்டும். பித்தளை பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அதன் துகளே அலுமினியத்தில் பதிந்து மீண்டும் அதே வேலையைச் செய்யும். இரும்பு பிரஷ்ஷும் வேண்டாம். வெள்ளைப் பொடி தென்பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, துளையின் விளிம்புக்கு எப்பாக்ஸி பிரைமர் தொட்டு, அது காய்ந்த பிறகே புதிய பசையோடு மாட்டுங்கள். மாட்டிய தேதியையும் பசையின் பெயரையும் பராமரிப்பு நோட்டில் எழுதிவையுங்கள். தெறிப்பு விழும் இடமானால் ஆறு மாதத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி, மரைக்குள் பசை இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.